சாட்டியில் ஒரு புதுச்சட்டி

எமது கல்லூரி எல்லே அணி மாகாணப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறது என்று அதிபர் காலைக்கூட்டத்தில் அறிவித்தபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் அடுத்த கணமே வாப்பாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. போட்டி யாழ்ப்பாணத்தில். இரண்டு நாட்கள். ஓர் இரவு வெளியில் தங்க வேண்டும்.

இதை வாசிக்கும் பெற்றோர் சிலருக்கு எல்லே என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அமெரிக்காவில் பேஸ்போல் என்று ஒரு விளையாட்டு இருக்கிறதல்லவா, அதற்கு எங்கள் நாட்டில் ஒரு தங்கை இருந்தால் அவள் பெயர்தான் எல்லே. கையில் ஒரு மூங்கில் தடி, எதிரே ஒரு டெனிஸ் பந்து. பந்தை அடிக்க மூன்று வாய்ப்புத் தருவார்கள். அடித்ததும் தடியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். வழியில் தரிப்பிடங்கள் இருக்கும். அவற்றில் நின்றால் பாதுகாப்பு. நில்லாமல் சுற்றி வந்தால் அது முழுச்சுற்று. அடித்த பந்தை எதிரணி பிடித்துவிட்டாலோ, ஓடும்போது பந்து எங்கள் உடலில் பட்டுவிட்டாலோ ஆட்டமிழப்பு. செலவில்லாத விளையாட்டு. முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் ஹிஜாபும் அணிந்துகொண்டு தாராளமாக விளையாடலாம். விளையாடியும் வருகிறோம்.

அமெரிக்காவில் பெரிய அணிகளுக்குக் கீழே சிறிய பேஸ்போல் அணிகள் இருக்கின்றனவாம். அவர்களுக்குப் பெரும்பாலும் விமானம் கிடையாது. பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய் விளையாடி, அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்களாம். இதை எங்கள் விளையாட்டு டீச்சர் சொன்னபோது, "அப்ப நாங்களும் அந்த வகைதான் டீச்சர்" என்று அணித்தலைவி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். உண்மையில் எங்களுக்கு அந்தப் பஸ்ஸும் இல்லை. டீச்சர் அலைந்து திரிந்துதான் ஒன்றை ஒழுங்குசெய்தார்.

வாப்பா உடனே மறுக்கவில்லை. "பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்பம் என்றால் இல்லை என்று பொருள். டீச்சர் வீட்டுக்கே வந்து பேசினார். பிள்ளைகளை எந்த நேரமும் தன் கண்முன்னே வைத்திருப்பதாகவும் தொழுகை தவறாது என்றும் சொன்னார். வாப்பா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். அப்போது உள்ளறையிலிருந்து உம்மும்மாவின் குரல் கேட்டது.

"அவள் போகட்டும். என்ர ஊரை அவளாவது பாக்கட்டும்."

உம்மும்மா யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் அப்படியே வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலிருந்து போனவர்களில் வாப்பாவின் குடும்பமும் ஒன்று. உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. புத்தளத்து ஓலைக்கொட்டில்களில் வளர்ந்த இருவருக்கும் பின்னர் திருமணமாகி, போர் முடிந்த பின் மன்னாருக்குத் திரும்பி வந்தார்கள். உம்மும்மாவும் எங்களோடு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை. போய்ப் பார்க்கலாமே என்று யாரேனும் கேட்டால் முழங்கால் வலியைக் காரணம் சொல்வார்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு காரியங்கள் சொன்னார். ஒன்று, ஒடியல் மா வாங்கி வரவேண்டும். மற்றது, "சாட்டிப் பக்கம் போனால் அந்தக் கிணத்துத் தண்ணி இன்னும் இனிக்குதா எண்டு குடிச்சுப் பாத்திட்டு வா." சிறுவயதில் கந்தூரிக்கு அவருடைய வாப்பா பண்ணைப் பாலம் தாண்டி மண்கும்பான் வெள்ளைக்கடற்கரைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போவாராம். அப்படியே பக்கத்தில் சாட்டிக் கடலில் கால் நனைத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுத் திரும்புவார்களாம்.

சுபஹு தொழுதவுடன் பஸ் புறப்பட்டது. விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று ஊர்கள் பின்னால் போயின. ஒவ்வொருவரின் உம்மாவும் கட்டித் தந்த பொதிகள் பஸ் முழுவதும் கைமாறின. ஒரு வீட்டு இடியப்பத்துக்கு இன்னொரு வீட்டுச் சம்பல், மூன்றாவது வீட்டு மீன் பொரியல். சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியபோது சத்தம் அடங்கியது. இருபக்கமும் கடல்நீரேரி, அதில் நாரைகள். 2011இல் இந்தப் பாலம் திறக்கப்படும் வரை அந்த இடத்தைப் படகுப்பாதையில்தான் கடக்க வேண்டும் என்று சாரதி நானா சொன்னார்.

முதல் நாள் ஆட்டத்தில் வென்றோம். அல்ஹம்துலில்லாஹ். இரவுச் சாப்பாட்டுக்கு டீச்சர் எங்களை ஐந்து சந்திப் பக்கம் கூட்டிப்போனார். திரும்பி வந்து குடியேறியவர்கள் நடத்தும் ஒரு சிறிய கடை. புட்டும் மாட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். நான் தட்டைப் பார்த்ததைவிடத் தெருவைத்தான் அதிகம் பார்த்தேன். எது உம்மும்மாவின் வீடாக இருக்கும்? சில வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டிருந்தன. சில வீடுகளுக்குச் சுவர் மட்டும் இருந்தது, சுவருக்குள் மரம் வளர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை, மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த சைவக்கடையில் தோசை. வெளியூர் போகும் முஸ்லிம் அணிகளுக்குச் சைவக்கடை ஒரு பெரிய நிம்மதி. இறைச்சி இல்லை, ஆகவே ஹலாலா என்ற கேள்வியும் இல்லை. அந்தத் தோசையும் சம்பலும் சாம்பாரும் இன்னும் நாவில் இருக்கின்றன. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது என்று டீச்சர் இரண்டோடு நிறுத்திவிட்டார்.

இரண்டாவது ஆட்டம் யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றோடு. அவர்கள் ஐந்து முழுச்சுற்று எடுத்துவிட்டார்கள். நாங்கள் நான்கு எடுத்திருந்தபோது தடி என் கைக்கு வந்தது. முதல் இரண்டு பந்தையும் தவறவிட்டேன். மூன்றாவது பட்டது. நன்றாகவே பட்டது. ஓடினேன். இரண்டாம் தரிப்பிடத்தைத் தாண்டிவிட்டேன். மூன்றாவதில் நில் என்று டீச்சர் கத்தியது கேட்டது. நின்றிருந்தால் அடுத்தவள் அடிக்கும் அடியில் மெதுவாக உள்ளே வந்திருக்கலாம். நான் நிற்கவில்லை. முழுச்சுற்று எடுத்த பெருமை எனக்கே வேண்டும் என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பந்து என் தோளில் வந்து பட்டது. ஆட்டம் முடிந்தது.

யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஓர் அறையில் ளுஹரையும் அஸரையும் பயணிகளுக்குள்ள சலுகைப்படி சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். ஸலாம் கொடுத்த பின்னும் நான் எழுந்திருக்கவில்லை. அணித்தலைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எழும்புடி, கூழ் ஆறிரும்" என்றாள்.

கூழா? அப்போதுதான் தெரிந்தது. எங்களை வென்ற அணியின் பயிற்றுநர் எங்கள் டீச்சரோடு ஒரு பயிற்சிநெறியில் ஒன்றாக இருந்தவர். வேலணைக்காரி. அவருடைய அம்மா சாட்டியில் இருக்கிறார். வென்றாலும் தோற்றாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துவிட்டார்கள்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆழமில்லாத கடல். இடுப்பளவு நீரில் நின்று மீனவர்கள் வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அல்லைப்பிட்டி, மண்கும்பான். வெள்ளைக்கடற்கரைப் பள்ளிவாசலின் முன்னால் பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தும்படி கேட்டேன். இறங்கிப் படம் எடுத்தேன். வெண்மணல், பனைகள், காற்று. உம்மும்மா சொன்னதில் ஒன்றும் மிகையில்லை.

சாட்டியில் அந்த அம்மாவின் வீடு கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. பனையோலை வேலி, சுத்தமாகக் கூட்டிய முற்றம், வேப்பமர நிழலில் பாய்கள். மூன்று கற்கள் வைத்த இரண்டு அடுப்புகளில் இரண்டு பாத்திரங்கள். ஒரு பெரிய அலுமினியப் பானையும் ஒரு மண்சட்டியும். எங்களை வென்ற பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். பந்தால் என் தோளில் அடித்தவளும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள்.

"வாங்கோ பிள்ளையள், வாங்கோ. வெய்யிலுக்குள்ள விளையாடிக் களைச்சுப் போனியள்" என்று அம்மா எங்களை இருத்தினார்.

அலுமினியப் பானைக்குப் பக்கத்தில் நண்டுக் கோதுகள் குவிந்து கிடந்ததை நான் கண்டேன். நண்டு பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் அணியிலேயே சிலர் சாப்பிடுவார்கள், சிலர் சாப்பிடமாட்டார்கள். எங்கள் வீட்டில் தொடுவதில்லை. அதற்குமேல் இன்னொரு யோசனையும் வந்தது. இந்தப் பாத்திரத்தில் முன்பு என்ன சமைத்திருப்பார்களோ? கேட்டால் அவர் மனம் நோகும். கேட்காமல் சாப்பிட்டால் என் மனம் நோகும். ஓலைப் பிளாவோடு அவர் என் அருகே வந்தபோது நான் சொல்லிவிட்டேன்:

"வேணாம் அம்மா. நாங்க நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்."

அப்பட்டமான பொய். காலையில் சாப்பிட்ட இரண்டு தோசைக்குப் பின் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றில் இல்லை. அதுவும் 'நான்' என்று சொல்லாமல் 'நாங்கள்' என்று சொல்லி, பசித்த முழு அணியையும் அந்தப் பொய்க்குள் இழுத்துவிட்டேன். அன்று நான் செய்த இரண்டாவது பிழை அது.

அம்மா கோபிக்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு நண்டுக் கோதுகளைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"பிள்ளை, அந்தப் பானை எங்கட பிள்ளையளுக்கு. இந்தச் சட்டிதான் உங்களுக்கு. இதுக்குள்ள நண்டு போடேல்லை. உங்கட ஆக்களில சில பேர் தின்ன மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். சட்டியும் புதுசு. நேற்றுத்தான் வாங்கிப் பழக்கினனான். அகப்பையும் புதுசு."

அப்போதுதான் மண்சட்டியை நன்றாகப் பார்த்தேன். வெளிப்புறம் இன்னும் செம்மண் நிறத்திலேயே இருந்தது. அடிப்பக்கம் மட்டும் அன்றைய புகையில் கறுத்திருந்தது.

எப்படித் தெரியும் என்று டீச்சர் கேட்டார். அம்மா அடுப்பின் முன்னால் குந்தியிருந்து கிண்டியபடியே சொன்னார். அவர் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் சோனகத் தெருவிலிருந்து ஒரு நானா ஆடு வாங்கத் தீவுப்பக்கம் வருவாராம். மத்தியானமானால் இவர்கள் வீட்டுத் திண்ணையில் இருப்பார். அவருக்கென்று இவர்களின் ஆச்சி ஒரு சட்டியும் கோப்பையும் புறம்பாக வைத்திருந்தாராம். "சோறும் மீன் குழம்பும் ஆச்சி குடுப்பா. நண்டு மட்டும் வேண்டாம் எண்டுவார். தொழுகிறதுக்குக் கிணத்தடியில கால் முகம் கழுவுவார். பிறகு அவர் வரேல்லை. நாங்களும் இஞ்ச இருக்கேல்லை. அந்தத் தொண்ணூறாம் ஆண்டுதானே நாங்களும் தீவை விட்டு ஓடினனாங்கள். திரும்பி வரேக்கை வீடும் இல்லை, சட்டியும் இல்லை."

யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு உம்மும்மாவின் முழங்கால் நினைவு வந்தது.

"பசிக்குது அம்மா. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். முற்றம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. தோளில் பந்தடித்தவள்தான் எழுந்து வந்து பிளாவை என் கையில் தந்தாள்.

ஒடியற்கூழ் எப்படிச் செய்வது என்று நான் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததை இங்கே தருகிறேன். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெய்யிலில் காயவைத்தால் ஒடியல். (அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்.) ஒடியலை இடித்து அரித்து எடுத்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை இரண்டு மூன்று தடவை ஊற்றிவிட வேண்டும். கயர்ப்பு அப்போதுதான் போகும். பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி புழுங்கலரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய். அவை பாதி வெந்ததும் சிறுமீன், மீன்தலை, இறால், கணவாய். பிறகு புளியைக் கரைத்து அதிலேயே ஒடியல் மாவையும் கலந்து ஊற்றிக் கிண்ட வேண்டும். கடைசியில் செத்தல் மிளகாயும் மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்த கூட்டு. மா கட்டிபடாமல் கிண்டுவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. குடிக்கும்போது முதலில் உறைப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் பனையின் மெல்லிய கசப்பு. கண்ணிலும் மூக்கிலும் நீர் வரும். பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் குடித்தால் ஓலையின் வாசமும் சேர்ந்து வரும். எங்கள் மண்சட்டி கழுவிய மாதிரி ஆனது.

கூழுக்குப் பிறகு கிணற்றடிக்குப் போனோம். கைக்கெட்டும் தூரத்தில் உப்புக்கடல். ஆனால் கிணற்றில் நல்ல தண்ணீர். எங்கள் டீச்சர் புவியியலும் படிப்பிப்பவர். காரணத்தை அங்கேயே சொன்னார். மழைநீர் சாட்டியின் மணலுக்குள் இறங்குகிறது. கீழே ஏற்கெனவே கடலின் உப்புநீர் இருக்கிறது. நல்ல நீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே அதற்குள் அமிழாமல், ஒரு வில்லையைப் போல அதன் மேலே மிதந்து நிற்கிறது. அளவாக அள்ளினால் வருடம் முழுவதும் கிடைக்கும். பேராசைப்பட்டு அதிகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் இலகுவில் இறங்காது. தீவகத்தின் மற்ற ஊர்கள் சிலவற்றுக்கும் குடிநீர் போவது இந்தச் சாட்டியிலிருந்துதான். மணலை அள்ளிக்கொண்டு போனால் இந்த நீரும் போய்விடும் என்று அம்மா கவலைப்பட்டார்.

நான் இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தேன். பிறகு ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டேன்.

மாலையில் கடலில் இறங்கினோம். சாட்டிக் கடல் வெகுதூரம் வரை முழங்காலளவுதான். இரண்டு அணியும் கலந்து நின்று ஈரமணலில் கோடு கீறி ஓர் எல்லே ஆட்டம் ஆடினோம். யார் வென்றது என்று யாரும் எண்ணவில்லை. நான் மூன்றாம் தரிப்பிடத்தில் நின்றேன். டீச்சர் கரையிலிருந்து கைதட்டினார். சிந்தாத்திரை மாதா கோயிலின் மணி ஒலித்த நேரத்தில் ஈர உடைகளோடு பஸ்ஸில் ஏறினோம். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுப் புழுக்கொடியலும், எனக்குத் தனியாக ஒரு பை ஒடியல் மாவும் தந்தார். காசு கொடுக்கப் போனதற்கு ஏச்சுத்தான் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது நடு இரவு தாண்டிவிட்டது. உம்மும்மா தூங்காமல் இருந்தார். போத்தலைக் கொடுத்தேன். பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடித்தார். இனிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போத்தலை மூடித் தலையணைப் பக்கம் வைத்துக்கொண்டார். பள்ளிவாசல் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் புதுச்சட்டியின் கதையைச் சொன்னேன். ஆடு வாங்கப் போன அந்த நானா யாராக இருக்கும் என்று தனக்குத் தெரிந்த நாலைந்து பேரைச் சொல்லி, ஒவ்வொருவரையும் அவராக இருக்காது என்று தானே தள்ளினார். கடைசியில், "முழங்கால் கொஞ்சம் சுகமாத்தான் இருக்கு. அடுத்த லீவுக்கு ஒருக்கா போய் வருவமா?" என்று கேட்டார்.

வாப்பா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். காலையில் என்னிடம், "அந்தப் பிள்ளைகள் மன்னார்ப் பக்கம் விளையாட வந்தால் நம்ம வீட்டிலதான் சாப்பாடு எண்டு உங்க டீச்சர்கிட்டச் சொல்லு" என்றார்.

உம்மா அடுக்களையில் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுச் சட்டிகளில் மாட்டிறைச்சி சமைப்பது வழக்கம். அந்தப் பிள்ளைகளில் பலர் அதைத் தொடமாட்டார்கள்.

"சந்தைக்குப் போனா ஒரு புதுச்சட்டி வாங்கிட்டு வாங்க" என்று உம்மா வாப்பாவிடம் சொன்னார்.